இரும்பு இல்லாத கோட்டு

கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் குளிர்கிறது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? சித்திரை மாதத்தில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற ஊர் இது. அந்த வெயிலில் வந்து ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நான் உள்ளே போகிற இடம் ஒரு ஸ்கேன் சென்டர். எம்.ஆர்.ஐ. மெஷினை இயக்குவது என் வேலை. மெஷினுக்குச் சூடு ஆகாது. அதனால் அதன் அறையிலும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்காரும் அறையிலும் வருஷம் முழுக்க ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். படம் எடுக்க வருகிறவர்கள் எடுத்து முடித்ததும் வெளியே ஓடிவிடுவார்கள். நான் சாயங்காலம் வரை அந்தக் குளிரிலேயே கிடக்க வேண்டும்.

முதலில் சில வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விரல் நுனிகள் வெளுக்க ஆரம்பித்தன. கணுக்கள் மடங்காது. ஒருநாள் வீட்டில் அத்தைக்குக் காபி டம்ளரை நீட்டும்போது அது கையிலிருந்து நழுவி, காபி அவர் சேலையெல்லாம் கொட்டிவிட்டது. அத்தை என்றால் என் மாமியார். எங்களுக்குச் சொந்தமாகக் கடலைமிட்டாய்க் கடை இருக்கிறது. பாகு காய்ச்சுவது என் கணவர், கல்லாவில் உட்கார்வது அத்தை. அவருக்கு இடுப்பு வலி. கல்லாவுக்கு வெளியாள் தேடாமல், தனக்குப் பதில் ஆளாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னட்டி வேலை அது, கை வெறச்சுப் போற வேலை? தை பொறக்கட்டும், நீ கடைக்கு வந்துரு. கல்லாவுல ஃபேனுக்குக் கீழ மகராணி மாதிரி உக்காரு. நான் செத்த இடுப்பச் சாய்க்கேன்” என்றார்.

கணவரும் தலையை ஆட்டினார். டாக்டரும் குளிரைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார். “தைக்குள்ள இந்தக் கை சரியாகலன்னா வந்துருதேன் அத்தை” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். மனுஷன் உடம்புக்குள் கத்தி வைக்காமல் பார்க்கிற வேலை. முதுகெலும்பின் நடுவே நரம்புக் கத்தை இறங்கி வருவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. கல்லாவில் உட்கார்ந்தால் எதைப் பார்ப்பேன்? ஈயைப் பார்ப்பேன்.

கோட்டு ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் வில்லங்கம். எம்.ஆர்.ஐ. மெஷின் என்பது பெரிய காந்தம். அந்த அறைக்குள் இரும்பு போகவே கூடாது. ஹேர்பின், சேலைக்குக் குத்துகிற ஊக்கு எல்லாவற்றையும் வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் நான் உள்ளே போவேன். கடையில் விற்கிற ஸ்வெட்டர் எதை எடுத்தாலும் ஜிப் இருக்கும், இல்லையென்றால் பித்தான் உலோகமாக இருக்கும். போதாக்குறைக்குக் கடைக்காரர் அண்ணாச்சி, “மலைக்குப் போற சாமிக்கா, கைப்பிள்ளைக்கா?” என்று கேட்கிறார். எனக்கு என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலை வழியாக மாட்டுகிற ஸ்வெட்டர் ஒன்றைத்தான் எடுத்துக் காட்டினார். தலையில் பூவும் வைத்துக்கொண்டு அதை ஒரு நாளில் எத்தனை தடவை மாட்டிக் கழற்றுவது?

அப்போதுதான் போனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. ஏதோ குளிர்நாட்டுப் பெண்மணி, முன்பக்கம் திறக்கிற கம்பளிக் கோட்டு ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தார். அதன் மேல் கயிறு கயிறாகப் புடைத்து நின்றது. இரண்டு கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, சடை போட்டது போல மேலே போகிறது. ஒட்ட வைத்ததா, தைத்ததா? வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு பொருளைப் பார்த்தால் அது எப்படி ஆனது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது, பிறவிக்குணம் அது.

விஷயம் இவ்வளவுதான். ஊசியில் நூல் வளையங்கள், அதாவது கண்ணிகள், வரிசையாக நிற்கும். பின்னிக்கொண்டு போகும்போது அடுத்த மூன்று கண்ணிகளைப் பின்னாமல் ஒரு சின்னக் குச்சிக்கு மாற்றி முன்னால் தொங்கவிட வேண்டும். அதற்கு அடுத்த மூன்றை முதலில் பின்னிவிட்டு, பிறகு குச்சியில் நிற்பதைப் பின்ன வேண்டும். வரிசையில் நிற்கிறவர்கள் இடம் மாறிக்கொள்வது போலத்தான். இடம் மாறியதும் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறிப் புடைத்துக்கொள்கிறது. அட, இதற்கா இவ்வளவு மர்மம் என்று சிரித்துவிட்டேன். அதற்கு ஆங்கிலத்தில் கேபிள் என்று பெயர். நான் சடை என்றே வைத்துக்கொண்டேன். ஜாக்கெட் என்ற பெயரையும் விட்டுவிட்டேன். நம்மூரில் அது ரவிக்கை. எனவே கோட்டு.

ஊசியை ஆன்லைனில் வரவழைத்தேன். கண்ணி மாற்றுகிற சின்னக் குச்சிக்கு எங்கும் அலையவில்லை. எதிர்வீட்டு அக்கா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர். மருந்து முக்காத வெறும் குச்சி ஒரு பிடி கொண்டுவந்து கொடுத்தார். சின்னதாக இருந்தாலும் மரக்குச்சி என்பதால் கண்ணி வழுக்கவில்லை. “எதுக்குட்டி?” என்று கேட்டார். கோட்டு பின்ன என்றேன். “வெயிலு தலைக்கு ஏறிருச்சு ஒனக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் தினம் வந்து எட்டிப் பார்க்கத் தவறவில்லை.

நூல் விஷயத்தில்தான் நான் கோட்டை விட்டேன். வீடியோவில் எல்லோரும் ஆட்டு ரோம நூலில் பின்னினார்கள். எனக்கு வீம்பு. நான் பிறந்தது விளாத்திகுளம் பக்கம். பருத்தி வெடித்துக் கிடக்கும் கரிசலைப் பார்த்து வளர்ந்துவிட்டு நான் எதற்கு ஆட்டைத் தேடிப் போக வேண்டும்? பருத்தி எதற்குத்தான் ஆகாது? வேட்டிக்கு ஆகும், மெத்தைக்கு ஆகும், விளக்குத் திரிக்கு ஆகும், கோட்டுக்கு மட்டும் ஆகாதா? மில்லில் கோனில் சுற்றி வருகிற நூலாக வாங்கி, பல இழை சேர்த்து முறுக்கிப் பருமனாக்கிக்கொண்டேன்.

டிசைன் நானே போட்டேன். முதுகின் நடுவில் பெரிய சடை ஒன்று, கழுத்திலிருந்து இடுப்பு வரை. இரண்டு பக்கமும் சின்னச் சடைகள். யோசித்துப் பார்த்தால் நான் தினமும் கம்ப்யூட்டரில் பார்க்கிற முதுகெலும்புப் படம்தான் அது. போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அளவுக்காக வெறும் பின்னலில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று பின்னி, அதை அளந்து, முதுகுக்கு எத்தனை கண்ணி என்று கணக்குப் போட்டேன். பிறகு நம் ஊரில் துணி எடுக்கிற யாரும் செய்வதைச் செய்தேன். பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பள்ளிக்கூடச் சட்டையா, உள்பாவாடையா, எதைத் தைத்தாலும் சுருக்கத்துக்கு இரண்டு விரல் கூடத்தான் விடுவோம். நான் நீளத்தில் நான்கு விரல் விட்டேன்.

ஆடிக் காற்றில் ஆரம்பித்தது, புரட்டாசியில்தான் முடிந்தது. வேலை முடிந்து வந்து விளக்கு வைத்ததும் உட்கார்வேன். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பார். அவருக்கு என்னைச் சீண்டாமல் இருக்க முடியாது.

“ஏட்டி, கோயில்பட்டியில கோட்டு போட்டுக்கிட்டுப் போனா நாய் தொரத்தும்லா.”

“தொரத்தினா ஒங்க கடை மிட்டாய ஒண்ணு போடுதேன். அதைக் கடிச்சுப் பல்லு ஒடஞ்சு அது பாட்டுக்குப் போயிரும்” என்றேன். மிட்டாயை நான் குறை சொன்னதில் அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

துண்டுகளைத் தைத்துச் சேர்த்து மாட்டிப் பார்த்தேன். இரண்டு முன்பக்கமும் ஒன்றையொன்று தொடவே இல்லை. நடுவில் ஒரு சாண் வெட்டவெளி. சடைகள் கண்ணியை ஏறி ஏறி மடக்குவதால் துணியின் அகலத்தைத் தின்றுவிடுகின்றன என்பது எனக்குத் தெரியாது. தலைமுடியைப் பின்னினால் அகலம் குறையத்தானே செய்யும்? தினம் சடை போடுகிறவளுக்கு அது உறைக்கவில்லை பாருங்கள். வெறும் பின்னலை அளந்துவிட்டுச் சடைக்கு அதே கணக்கைப் போட்டது என் கூறுகெட்டத்தனம். சரி, துவைத்து இழுத்துவிட்டால் அகலம் கொடுக்கும் என்று நினைத்து முக்கியெடுத்து, மாடியில் கொடியில் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் கிளிப்பும் மாட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் கொடியில் தொங்குவது என் கோட்டா என்று எனக்கே சந்தேகம். தண்ணீர் குடித்த பருத்தியின் கனம் கீழே கீழே இழுத்து, கோட்டு முழங்காலைத் தாண்டிவிட்டது. கை இரண்டும் தரையைத் தொடப் பார்த்தன. சுருங்கும் சுருங்கும் என்று நான் விட்ட நான்கு விரலும் சேர்ந்து வேறு தொங்கியது. அகலமோ இன்னும் ஒடுங்கியிருந்தது.

கணவர் மாடிக்கு வந்தார். பார்த்தார். “என்னது இது? முருங்கைக்காய்க்கு உறையா?” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கிளிப்பைப் பிடுங்கி வீசினேன். அவர் சிரித்தார், நான் அழுதேன். அத்தை கீழிருந்து, “விடுட்டி, போனாப் போவுது. தைக்கு இன்னும் கொஞ்ச நாளுதான கெடக்கு” என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அது ஆறுதலாக இல்லை.

ராத்திரி படுத்தும் மண்டைக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. தறித் துணி சுருங்குகிறது. அதே நூலில் பின்னிய துணி ஏன் நீள்கிறது? விடிந்ததும் கோட்டைக் கையில் எடுத்து ஒரு கண்ணியை மட்டும் உற்றுப் பார்த்தேன். தறியில் நூல் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டு நெய்யப்படுகிறது, தண்ணீர் பட்டதும் இழுப்பு விட்டுச் சுருங்குகிறது. பின்னலில் நூல் வளைந்து வளைந்து தளர்வாகத்தான் நிற்கிறது. கனம் இழுத்தால் வளைவு நிமிர்ந்து நீளமாகிறது. ஆட்டு ரோமம் என்றால் சுருள்முடி மாதிரி மறுபடி மேலே ஏறிக்கொள்ளுமாம். பருத்திக்கு அந்தப் புத்தி இல்லை, போன இடத்தில் போனதுதான். புரிந்ததும் எனக்கு அழுகை போய்விட்டது. நூல்மேல் தப்பில்லை. அதன் குணம் தெரியாமல் நான் வேலை வாங்கியிருக்கிறேன்.

வெட்டித் தைத்த துணி என்றால் தப்பினால் போச்சு. பின்னலில் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் நூலாகத் திரும்பி வரும். சரசரவென்று பிரித்தேன். நூல் இடியாப்பம் மாதிரி சுருண்டு சுருண்டு விழுந்தது. நாற்காலிக் காலில் சுற்றி நனைத்துக் காயவைத்ததும் நேரானது. எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, “இம்புட்டு நாளு பின்னினத ஒரு காலையில பிரிச்சுப்புட்டியே, பாவி” என்று நெஞ்சில் கை வைத்தார்.

இந்த முறை துண்டு பின்னும்போது சடையோடு பின்னினேன். அதை நனைத்து, வேண்டுமென்றே கொடியில் தொங்கவிட்டேன். எவ்வளவு நீளுமோ நீளட்டும் என்று விட்டுவிட்டு அளந்தேன். நீளத்தைக் கூட்டுவதற்குப் பதில் குறைத்தேன். இடுப்புக்கு மேலேயே கோட்டை முடித்துவிட்டேன். உடுத்த உடுத்த அது தானாக இறங்கி இடுப்புக்கு வந்து நிற்கும் என்று கணக்கு. சடைகளையும் குறைத்தேன். முதுகில் பெரியது ஒன்று, முன்பக்கத் துண்டுகளில் ஒவ்வொன்று. துவைத்ததும் கடலை காயப்போடுகிற தார்ப்பாயை மாடியில் விரித்து, அதில் படுக்கவைத்தே காயவைத்தேன். பித்தானுக்கு மட்டும் வழி தெரியாமல் இருந்தது. ஒருநாள் கடையிலிருந்து வந்த கணவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் மடியில் போட்டார். தேங்காய்ச் சிரட்டையை அறுத்து, தேய்த்து, ஓட்டை போட்ட பித்தான்கள். “காந்தம் இழுக்காதுல்லா?” என்று மட்டும் கேட்டார். இழுக்காது என்றேன். முருங்கைக்காய்ப் பேச்சை அன்றோடு மன்னித்தேன்.

கார்த்திகையில் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கைப்பகுதியை விரல் கணு வரை இறக்கியிருந்தேன். சடைகளின் மடிப்புக்குள் காற்று தங்கிவிடுவதாலோ என்னவோ, குளிர் உள்ளே வர யோசித்தது. மத்தியானம் வரை விரல் வெளுக்கவில்லை. சாயங்காலமும் மடங்கியது. வீட்டுக்கு வந்து அத்தை முன்னால் விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினேன். அத்தை பார்த்துவிட்டு, “மார்கழி கழியட்டும், பாப்போம்” என்றார். அவ்வளவுதான். கடைக்குப் புது நாற்காலி வேறு வாங்கிப் போட்டிருந்தார், மருமகளுக்காம்.

மார்கழியில் அத்தையின் இடுப்பு வலி முற்றிவிட்டது. டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். எங்கள் சென்டருக்குத்தான் வந்தார். மனுஷி வீட்டில் புலி. அங்கே வந்ததும் மகனின் கையை விடவில்லை. தாலிச் செயினைக் கழற்ற வேண்டும் என்றதும் முகம் செத்துவிட்டது. மாமா கட்டியதிலிருந்து அதைக் கழற்றியதில்லையாம். கழுகுமலையிலிருந்து வந்தாலும் குளத்தூரிலிருந்து வந்தாலும் எல்லாப் பெண்களும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுவார்கள். அதற்காகவே மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் மேஜையில் வைத்திருப்போம். நானே கயிற்றில் மஞ்சளை முடிந்து அவர் கையில் கொடுத்தேன். கழுத்தில் கட்டிக்கொண்டு, செயினைக் கழற்றி மகனிடம் கொடுத்தார்.

உள்ளே படுக்கவைத்ததும் குளிரில் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. போர்வையைப் போர்த்தப் போனேன். “சீ, ஊரெல்லாம் போத்தினது எனக்கு வேண்டாம்” என்றார். நடுங்கினால் படம் கலங்கிவிடும். வேறு வழியில்லாமல் என் கோட்டைக் கழற்றி அவர் மேல் போர்த்தினேன். சிரட்டைப் பித்தான், பருத்தி நூல், எந்தக் காந்தத்துக்கும் கவலையில்லை. நான் கோட்டு இல்லாமல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன்.

மெஷின் இரைய ஆரம்பித்தது. மைக்கைப் பிடித்து, எல்லோரிடமும் பேசுவது போலத்தான் பேசினேன். பயப்படாதீங்க, கண்ண மூடிக்கோங்க, இப்ப சத்தம் வரும், சத்தந்தான், ஒண்ணும் செய்யாது. மூச்ச மெதுவா விடுங்க. நல்லா இருக்கீங்க. இன்னும் கொஞ்சந்தான். நான் இங்கதான் இருக்கேன். திரையில் அத்தையின் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக வந்தது. அவர் அசையவே இல்லை. அத்தனை தெளிவான படம் அன்றைக்கு வேறு யாருக்கும் வரவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, மருந்திலேயே சரியாகிவிடும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

எழுந்ததும் அத்தை என் கோட்டை மாட்டிக்கொண்டார். திருப்பித் தரவில்லை, போட்டபடியே ஆட்டோவில் ஏறிவிட்டார். அந்தக் குளிரை அவரே அனுபவித்துவிட்டார். இனி தை வரை கூட விடமாட்டார், நாளைக்கே கடைக்கு வா என்பார். கோட்டு இல்லாமல் மிச்ச வேலையை முடிப்பதற்குள் விரல்கள் மறுபடி வெளுத்துவிட்டன. அந்தக் கையோடு வீட்டுக்குப் போகவே பயமாக இருந்தது.

வீட்டில் அத்தை கோட்டோடுதான் உட்கார்ந்திருந்தார். கணவரும் பக்கத்தில் இருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், “இங்கன வா. நீ கடைக்கு வரவேண்டாம்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “என்ன அத்தை?” என்றேன்.

“அந்தக் குழாய்க்குள்ள போனதும் உசிரு போயிருச்சுன்னே நெனச்சேன். அப்பம் ஒரு கொரலு வந்துது. யாரோ பெரிய டாக்டரம்மா பேசுதாவ போலன்னு இருந்துது. அவிய சொல்லச் சொல்ல எனக்குப் பயம் விட்டுப் போச்சு. பொறவுதான் தெரிஞ்சுது, நீ. இத்தன வருஷத்துல இந்த வீட்டுல ஒரு நாளு நீ அப்பிடிப் பேசிக் கேட்டதில்லையேட்டி. கல்லாவுல கொண்டாந்து ஒன்னை உக்கார வச்சா, அந்தக் கொரல எங்க போய்த் தேட?”

கணவர் வாயைத் திறந்தார். “அப்பம் கடைக்கு?”

“ஆளப் போடு” என்றார் அத்தை.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா, இத்தனை நாள் அடக்கி வைத்ததா, சொல்லத் தெரியவில்லை. அத்தை பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கோட்டை என் தோளில் போட்டார். என் விரல்களைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார்.

“கண்ணத் தொடச்சுக்கோ. காலையில வேலைக்குப் போவணும்லா” என்றார்.